சிவப்பு மருந்தும் இதயமும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரைப் பார்த்து நலம் விசாரிக்க அக்கம்பக்கத்தார் வருவது நம் எர்ணாவூரில் இன்றும் மாறாத நல்வழக்கம். முன்னாட்களில் சாத்துக்குடியும் ரொட்டியும் ஆர்லிக்ஸ் புட்டியும் கொண்டு வருவார்கள். இப்பொழுது அவற்றோடு வேறொன்றும் வந்து சேருகிறது. பச்சைப் பொடி அடைத்த டப்பா, மஞ்சள்நிற எண்ணெய் மாத்திரை, திராட்சை விதைச் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம் என்று ஏதேனும் ஒன்று. “அக்கா, ஊசி மருந்து இதயத்தைக் கெடுத்துவிடுமாம். இது ஆன்டி-ஆக்சிடண்ட். இதைச் சாப்பிட்டால் இதயத்துக்கு ஒன்றும் வராது” என்ற அறிவுரையும் உடன் வரும். அன்பினால் சொல்லுவோரும் உண்டு. கழிவுத்தொகைக்காகச் சொல்லுவோரும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இந்த அறிவுரையில் பாதி உண்மை, மறுபாதி ஆராயத்தக்கது. புற்றுநோய் மருந்துகளுள் சில இதயத்தைத் தாக்குகின்றன என்பது மெய். ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் எனப்படும் இப்பொருள்கள் இதயத்தைக் காக்கும் என்பதோ, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகப் பெரிய ஆய்வாளர்களே நம்பி, முயன்று, பெரும்பாலும் ஏமாந்த ஒரு கருத்து. அம்முயற்சிகளுள் ஒன்று நம் சென்னையிலேயே, அடையாற்றிலேயே நடைபெற்றது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே வாசகர்முன் வைக்க விரும்புகிறோம்.

மார்பகப் புற்று, நிணநீர்க் கட்டிகள், எலும்புப் புற்று, குழந்தைகளின் இரத்தப் புற்று ஆகியவற்றுக்கு அளிக்கப்படும் மருந்துகளில் முதன்மையான ஒன்று டாக்சோரூபிசின். ஏட்ரியாமைசின் என்பது அதன் பழைய வணிகப் பெயர். நரம்பு வழியே மெதுவாகச் செலுத்தப்படும் அந்த நீர் செக்கச்செவேலென்றிருக்கும். மருந்து ஏறிய அன்று சிறுநீரும் சிவந்து போகும். அதைக் கண்டு இரத்தம் போகிறதென்று அஞ்சாதவர் இல்லை. அது வெறும் மருந்தின் நிறமே. ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

இம்மருந்து பிறந்த கதை சுவையானது. தென் இத்தாலியில் காஸ்தெல் தெல் மோந்தே என்னும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டையின் அருகே ஒரு பிடி மண்ணை 1950-களில் எடுத்துச் சென்றனர் மிலான் நகர மருந்துக் குழுமமொன்றின் ஆய்வாளர்கள். அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று சிவப்பான ஒரு பொருளைச் சுரந்தது. அதிலிருந்து முதலில் டானோரூபிசினும், அந்த நுண்ணுயிரையே சிறிது மாற்றியமைத்து 1969-இல் டாக்சோரூபிசினும் கிடைத்தன. அருகிலிருந்த ஏட்ரியாட்டிக் கடலின் பெயரையே மருந்துக்கு இட்டனர். 1974-இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் வழங்கியது. அதுவரை கைவிடப்பட்ட எத்தனையோ நோயாளிகள் இம்மருந்தினால் எழுந்து நடந்தனர். இன்றும் இதற்கு ஈடான மருந்துகள் அதிகமில்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனெனில் இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரேனும் ஊசி போட்டுக்கொள்ள மறுப்பாராயின் அது நாம் செய்த தீங்காகும்.

புற்று கரைந்த மகிழ்ச்சியில் வீடு திரும்பிய சிலர், சில மாதங்கள் கழித்து மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று மருத்துவமனைக்குத் திரும்பி வந்தனர். இதயத்தின் தசை நலிந்து, இரத்தத்தை வெளியே தள்ளும் ஆற்றலை இழந்திருந்தது. 1979-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 4018 நோயாளிகளின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தனர். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகமானோர் இதயச் செயலிழப்புக்கு ஆளாகியிருந்தனர். ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. வாழ்நாளில் ஏறிய மருந்தின் மொத்த அளவைப் பொறுத்து அது கூடியது.

அந்த அளவைப் புரிந்துகொள்வது நல்லது. மருத்துவர்கள் உடலின் மேற்பரப்பைச் சதுர மீட்டரில் கணக்கிட்டு மருந்தை அளக்கிறார்கள். நடுத்தர உடல்வாகுள்ள நம் பெண்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர் இருக்கும். 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏறியவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும், 550 ஏறியவர்களில் 26 பேருக்கும், 700 ஏறியவர்களில் 48 பேருக்கும் இதயம் தளர்ந்தது. படிப்படியாக ஏறாமல் ஆபத்து இவ்வாறு திடீரென்று செங்குத்தாக உயர்வதால்தான், ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுக்குமேல் கூடாது என்ற வரம்பை மருத்துவ உலகம் கண்டிப்புடன் கடைப்பிடிக்கிறது. மார்பகப் புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் நான்கு தவணைகளிலும் சேர்ந்து 240 மில்லிகிராம்தான் ஏறுகிறது. “இதயம் போய்விடும்” என்று பயமுறுத்துவோர் இந்த எண்ணைச் சொல்லுவதில்லை.

துருவின் உவமை

கடலோரத்தில் வாழும் நமக்குத் துருவைப் பற்றிப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. எர்ணாவூரில் புதிதாகப் பொருத்திய சன்னல் கம்பி இரண்டு மழைக்காலத்தைத் தாண்டுமுன் செதில் செதிலாய் உதிர்கிறது. இரும்பும் உப்புக்காற்றும் ஈரமும் ஆக்சிஜனும் கூடிச் செய்யும் வேலை அது. உடலுக்குள்ளும் இதையொத்த ஒன்று நிகழ்கிறது. நாம் உட்கொள்ளும் உயிர்க்காற்றில் ஒரு சிறு பகுதி, துணை இழந்த மின்னணுவைத் தாங்கிய வெறிகொண்ட துணுக்குகளாக மாறி, அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் கடித்துக் குதறுகிறது. இவற்றைத் தனி உறுப்புத் துணுக்குகள் என்பர். உடல் இவற்றை அடக்கத் தனிக்காவல் வைத்திருக்கிறது. வைட்டமின் ஈ, வைட்டமின் சி முதலியவை அக்காவலுக்குத் துணைபுரிகின்றன. ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் என்று சொல்லப்படுபவை இவையே.

டாக்சோரூபிசின் இரும்போடு கூடி இத்துணுக்குகளைப் பெருமளவில் உண்டாக்குகிறது. இதயமோ ஓயாமல் உழைக்கும் உறுப்பு. ஆற்றலை ஆக்கும் நுண்ணறைகள் அதில் நெருங்கியிருக்கின்றன. கல்லீரலோடு ஒப்பிடுகையில் காவலோ குறைவு. ஆகவே மருந்து உண்டாக்கும் துருவை இதயம் தாங்காமல் போகிறது என்று 1970-களில் விளக்கினர். கம்பிக்குச் சாயம் பூசுவதுபோல் இதயத்துக்கு ஒரு தடுப்பியைக் கொடுத்துவிட்டால் போதாதா? எவருக்கும் தோன்றும் எண்ணம்தானே இது!

1977-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் மையர்ஸ் குழுவினர் சுண்டெலிகளுக்கு முன்கூட்டியே வைட்டமின் ஈ கொடுத்துப் பின்னர் இம்மருந்தைச் செலுத்தினர். இதயச் சேதம் குறைந்தது; புற்றைக் கரைக்கும் ஆற்றலோ குறையவில்லை. ஆய்வுலகம் துள்ளிக் குதித்தது. அதே நம்பிக்கையில் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ பெருமளவில் கொடுத்துப் பார்த்தனர். 1982-இல் வந்த முடிவு ஏமாற்றமளித்தது: மனித இதயத்துக்கு அதனால் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. சளியைக் கரைக்கத் தரப்படும் அசிட்டைல் சிஸ்டீன் என்ற மருந்தும் சோதிக்கப்பட்டது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய அச்சோதனையின் முடிவு 1983-இல் வெளிவந்தது. அதிலும் பயன் காணப்படவில்லை.

கனடாவின் வின்னிபெக் நகரில் செயின்ட் பானிபேஸ் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. 1871-இல் கிரே சகோதரிகள் என்னும் கத்தோலிக்கத் துறவியர் நிறுவியது. அதன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இந்திய வமிசாவளியினரான பவன் சிங்கால், கொழுப்பைக் குறைக்கும் புரோபுகால் என்ற மருந்துக்குத் தடுப்பி ஆற்றலும் உண்டென்பதைக் கருதி அதனை எலிகளுக்குக் கொடுத்தார். 1990-களில் வெளிவந்த அவருடைய ஆய்வுகளில் எலிகளின் இதயம் வியக்கத்தக்க வகையில் காக்கப்பட்டது. ஆனால் அந்த மருந்தே இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் முதலிய காரணங்களால் 1995-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகிக்கொண்டது. இதயத்தைக் காக்க வந்த மருந்துக்கே இதயத்தால் தடை!

அடையாற்றில் மஞ்சள்

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். அடையாற்றில் சர்தார் படேல் சாலையில் இரண்டு நிறுவனங்கள் உள்ளன. ஒன்றை நம்மில் பலர் அறிவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை மறவாமல், 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையம் அது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அவர்களும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தா அவர்களும் தங்கள் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தனர். எர்ணாவூரிலிருந்து அங்கே போய் வருவது முன்பு ஒரு நாள் வேலை. இப்போது விம்கோ நகரில் மெட்ரோ ஏறிச் சின்னமலையில் இறங்கினால் பாதிச் சுமை குறைகிறது.

மற்றது மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் பதனிடும் கலைக்கென 1948-இல் ஏற்பட்டது. தோலும் புரதமே, புரதத்தை ஆராய உயிர்வேதியியல் வேண்டும் என்ற முறையில் அங்கே அத்துறையும் வளர்ந்தது. அத்துறையைச் சேர்ந்த என். வெங்கடேசன், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்னும் பொருள் இவ்விதயச் சேதத்தைத் தடுக்குமா என்று சோதித்து, 1998-இல் பிரிட்டிஷ் மருந்தியல் ஏடொன்றில் முடிவை வெளியிட்டார். எலிகளுக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் வீதம் குர்குமினை, மருந்து செலுத்துவதற்கு ஏழு நாட்கள் முன்னும் இரண்டு நாட்கள் பின்னும் கொடுத்தார். இ.சி.ஜி. கோட்டில் தோன்றும் கோளாறு குறைந்தது. இதயத் தசை சிதையும்போது இரத்தத்தில் கசியும் நொதிகளும் உயராமல் நின்றன.

மஞ்சளை அன்றாடம் குழம்பில் இடும் நமக்கு இது பெருமிதம் தருவதே. ஆயினும் கணக்கையும் பார்க்க வேண்டும். அந்த எலியின் அளவை அப்படியே 50 கிலோ எடையுள்ள ஒரு தாய்க்குப் பெருக்கினால் நாளொன்றுக்கு 10 கிராம் தூய குர்குமின் ஆகும். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்குதான். அப்படியானால் ஒரே நாளில் 300 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும்! எலிக்கும் மனிதருக்கும் உள்ள உடலமைப்பு வேற்றுமைக்காக மருந்தியலார் இதனை ஆறில் ஒரு பங்காகக் குறைப்பது வழக்கம். அவ்வாறு குறைத்தாலும் ஐம்பது கிராமுக்குக் குறையாது. தின்றாலும் குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். மேலும் அந்த எலிகளுக்குப் புற்றுநோய் இல்லை. மருந்தும் நம்மவர்க்குப்போல் பல மாதங்களாகத் தவணை தவணையாக அளிக்கப்படாமல், குறுகிய நாட்களில் பெருமளவாகச் செலுத்தப்பட்டது. ஆய்வு செய்தவர்மீது குறையில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அவர் விடை கண்டார். அதனை எடுத்துப் புட்டியில் ஒட்டி விற்போரே கேள்வியையும் விடையையும் மாற்றிவிடுகின்றனர்.

இன்னொரு பக்கமும் உண்டு. இதைத்தான் குடும்பங்கள் கூர்ந்து நோக்க வேண்டும் என்பது நம் கருத்து. இதயத்தைத் துருவிலிருந்து காக்கும் பொருள், புற்றையும் காத்துவிட்டால் என் செய்வது? புற்றுநோய் மருந்துகள் சிலவும் கதிர்வீச்சும் நோய் அணுக்களைக் கொல்லும் வழிகளில் ஒன்று இதே துணுக்குகளை எழுப்பிவிடுவதுதான். அமெரிக்காவின் வடகரோலினாப் பல்கலைக்கழகத்தில் 2002-இல் செய்த ஆய்வொன்றில், மனித மார்பகப் புற்றை உடலில் ஏற்றிய சுண்டெலிகளுக்கு உணவோடு குர்குமின் கொடுத்தபோது, சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து கட்டியைக் கரைக்கும் வேகம் தடைப்பட்டது. நான்கு தவணைச் சிகிச்சையில் சிவப்பு மருந்தோடு சேர்த்து ஏற்றப்படும் மருந்து இதுவே என்பதைக் கவனிக்க.

எலியை விட்டு மனிதருக்கு வருவோம். 1100-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்று நோயாளிகளின் பழக்கங்களைக் கேட்டறிந்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. வைட்டமின் ஏ, சி, ஈ, கரோட்டின், கோஎன்சைம் க்யூ10 ஆகியவற்றை மாத்திரையாகச் சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் விழுங்கியவர்களிடையே நோய் திரும்பிவருவது கூடுதலாகத் தென்பட்டது. மாத்திரை விழுங்கியவர்கள் எண்ணிக்கையில் குறைவாதலால் இதனை முடிந்த முடிபென்று ஆய்வாளரே சொல்லவில்லை. இரும்பு மாத்திரையும் பி12 மாத்திரையும் உண்டவர்களிடம் இத்தொடர்பு இன்னும் தெளிவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு, இரத்தசோகைக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையை எவரும் தாமாக நிறுத்தலாகாது. தாமாக வாங்கி விழுங்குவதைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

நெல்லிக்காய், முருங்கைக்கீரை, கொய்யா, தக்காளி ஆகியவற்றில் இதே பொருள்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அவற்றை உணவாக உண்பதற்கு எவ்விதத் தடையும் இல்லை, உண்ணவே வேண்டும். ரசத்தில் இடும் மஞ்சளும் அப்படியே. உணவில் உள்ள அளவு வேறு. ஒரு மாத்திரையில் பத்து நாள் உணவின் சத்தைத் திணித்து விழுங்குவது வேறு. பச்சைச் சாறுகளைப் பற்றி மட்டும் ஒரு சொல்: ஊசிக்குப்பின் ஒன்றிரண்டு வாரம் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அந்நாட்களில் தெருவோரத்தில் அரைத்துத் தரும் அருகம்புல் சாறும், கழுவாமல் நறுக்கிய பழமும் வயிற்றுக் காய்ச்சலைக் கொணர்ந்து, அடுத்த தவணையைத் தள்ளிப்போடச் செய்யும். கொதிக்கவைத்த நீரும் வேகவைத்த உணவுமே அப்போது தக்கவை. நம் குழாய்த் தண்ணீரின் தன்மையை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

உண்மையில் காப்பது எது?

தடுப்பிகள் தோற்ற இடத்தில் வேறொரு மருந்து வென்றது. டெக்ஸ்ராசாக்சேன் என்பது அதன் பெயர். லண்டனில் புற்றுநோய் மருந்து தேடியவர்கள் கண்ட பொருள் அது. உடலுக்குள் சென்றதும் இரும்பைப் பற்றிக்கொள்ளும் வடிவத்தை அது அடைகிறது. துருவைத் துடைப்பதைவிட இரும்பையே அப்புறப்படுத்திவிட்டால் என்ன என்ற எண்ணம்! நியூயார்க் நகரில் மார்பகப் புற்று முற்றிய பெண்களிடம் சோதித்து 1988-இல் வெளியிட்ட முடிவு, இதயச் சேதம் வெகுவாகக் குறைவதைக் காட்டியது. 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இரத்தப் புற்று கண்ட குழந்தைகளிடம் செய்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், இதயத் தசை காயமுற்றதைக் காட்டும் டிரோபோனின் உயர்வு, இம்மருந்தின்றி இருந்தவர்களில் நூற்றுக்கு 50 பேரிடமும், இம்மருந்து பெற்றவர்களில் 21 பேரிடமும் காணப்பட்டது.

ஆயினும் இதனை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. புற்றுநோய் மருந்தின் வலிமையை இது குறைத்துவிடுமோ என்ற ஐயம் 1997-இல் ஓர் ஆய்வினால் எழுந்தது. பின்வந்த ஆய்வுகளின் தொகுப்பு அதனை உறுதிசெய்யவில்லை. குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் வேறொரு புற்று வருமோ என்ற அச்சத்தால் 2011-இல் ஐரோப்பாவில் சிறார்க்குத் தடை விதித்தனர். மருந்தின் மொத்த அளவு சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டவிருக்கும் சிறார்க்கு அத்தடையை 2017-இல் தளர்த்தினர். ஆகவே அதிக அளவு தேவைப்படுவோர்க்கே, மருத்துவர் தேர்ந்து அளிக்கும் மருந்து இது.

2012-இல் கதை மற்றொரு திருப்பத்தை அடைந்தது. இதய அணுக்களின் உட்கருவில் டோபோஐசோமெரேஸ் என்றொரு நொதி உண்டு. முறுக்கிக்கொண்ட மரபிழையை வெட்டி, முறுக்கை நீக்கி, மீண்டும் ஒட்டுவது அதன் தொழில். வலைஞர் முறுக்கு விழுந்த கயிற்றை அறுத்து முடிபோடுவதைப் போன்றது. சிவப்பு மருந்து அந்நொதியை, வெட்டிய பின் ஒட்டமுடியாதபடி பிடித்துக்கொள்கிறது. புற்றணுவில் இவ்வாறு செய்வதால் நோய் அழிகிறது. இதயத்தில் இந்நொதியின் மற்றொரு வகை இருக்கிறது. அதையும் மருந்து பிடித்துக்கொள்வதால் இதயம் நலிகிறது. அந்த வகையை இதயத்திலிருந்து நீக்கிய சுண்டெலிகளுக்கு மருந்தினால் சேதம் நேரவில்லை என்று ஹூஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினர். டெக்ஸ்ராசாக்சேன் இந்த நொதியையும் குறைக்கிறது என்பதும் தெரியவந்தது. அப்படியானால் துரு என்பது சேதத்தின் வேரன்று, பெரும்பாலும் அதன் பின்விளைவே என்றாகிறது. வைட்டமின் ஈ ஏன் மனிதரைக் காக்கவில்லை என்பதற்கு இதுவே தக்க விளக்கமாக நமக்குப் படுகிறது. கம்பியை உள்ளிருந்து யாரோ அறுத்துக்கொண்டிருக்கையில் மேலே சாயம் பூசி என்ன பயன்?

கொழுப்பைக் குறைக்கும் அடார்வாஸ்டாட்டின் மாத்திரையும் சோதனையில் உள்ளது. நிணநீர்ப் புற்று நோயாளிகள் 300 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், இதயத்தின் ஆற்றல் கணிசமாகக் குறைந்தவர்கள் இம்மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 9 பேர். உண்ணாதவர்களில் 22 பேர். ஆனால் பெரும்பாலும் மார்பகப் புற்று நோயாளிகளிடம் நடத்தி 2022-இல் வந்த ஆய்வில் வேறுபாடு தோன்றவில்லை. யாருக்குக் கொடுக்கலாம் என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

மருந்துகளைப் பற்றி இவ்வளவு பேசினோம். எர்ணாவூர்க் குடும்பமொன்றின் கையில் இருப்பவை இவற்றைவிட எளியவை. முதல் ஊசிக்கு முன்பே எக்கோ என்னும் ஒலி அலைப் படத்தால் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் இவ்வசதி உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்று அதில் எழுதியிருக்கும். 55-க்கு மேல் இருந்தால் பொதுவாக நலம். அடுத்தடுத்த படங்களில் அந்த எண் பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கி 50-க்கும் கீழே போகுமானால் மருத்துவர் மருந்தை மாற்றுவார் அல்லது இதயத்துக்கு மருந்து தொடங்குவார். சேதத்தைத் தொடக்கத்திலேயே கண்டு மருந்து தொடங்கினால் பலருடைய இதயம் மீண்டு வருகிறது. காலம் கடந்தால் மீள்வது அரிது.

இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளோர்க்கு இச்சேதம் எளிதில் வருகிறது. அந்த மாத்திரைகளை, “ஏற்கனவே இத்தனை மருந்து ஏறுகிறதே” என்று எண்ணி நிறுத்திவிடும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. இது தவறு. இடப்பக்க மார்பில் கதிர்வீச்சுப் பெற்றோரும், அறுபதைத் தாண்டியோரும் கூடுதல் கவனத்துக்குரியோர். கன்டெய்னர் லாரிகளின் புகையும் ஆலைகளின் காற்றும் சூழ்ந்த நம் பகுதியில் இதயம் ஏற்கனவே சுமை சுமக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளல் நலம். வீட்டில் ஆடவர் பீடி சிகரெட்டை வாசலுக்கு வெளியே வைப்பது, வாங்கிவரும் எந்தப் புட்டியையும்விட அந்தத் தாய்க்குச் செய்யும் பேருதவி. உடல் இடங்கொடுக்கும் நாட்களில் அரைமணி நேர நடையும் நல்லது.

சுனாமிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி ஏறுகையில் முன்பில்லாத மூச்சிரைப்பு, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரவேண்டிய நிலை, மாலையில் செருப்பு இறுகும்படி பாதவீக்கம், ஓரிரு நாளில் இரண்டு கிலோ எடை கூடுதல், காரணமின்றி நெஞ்சு படபடத்தல் ஆகியவை தோன்றினால், “ஊசியின் அசதி” என்று தள்ளிவிடாமல், அடுத்த தவணை நாளுக்குக் காத்திராமல் போய்க் காட்ட வேண்டும்.

இனி அந்தப் புட்டிக்கு வருவோம். அன்பியக் கூட்டத்தில் ஒருவர் கொடுத்தார், அவர் மனம் நோகுமே என்று வாங்கி வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. விழுங்குமுன் அதைப் பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். மருத்துவர் திட்டுவார் என்று அஞ்சி மறைப்பவர்கள் பலர். பெரும்பாலான மருத்துவர்கள் தாமாகக் கேட்பதில்லை, நாமாகவும் சொல்வதில்லை, இடையில் மாதக்கணக்கில் அந்த மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு புட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் பணம் எக்கோ எடுக்கப் போய்வரும் வழிச்செலவுக்கும், முட்டைக்கும் மீனுக்கும் ஆகியிருக்குமே என்ற வருத்தம் நமக்கு உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர் சிகிச்சைச் செலவுக்கு அதனைப் பயன்படுத்தலாம். அட்டை வைத்திருந்தும் கேட்காமலே கடன் வாங்கியவர்களை நாம் அறிவோம்.

குழந்தைப் பருவத்தில் இம்மருந்தால் பிழைத்த பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். இதயச் சேதம் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடும். கருவுற்ற காலத்திலும் பேற்றின் போதும் இதயத்தின் வேலை பெருகுகிறது. அதுவரை ஒளிந்திருந்த தளர்ச்சி அப்போது வெளிப்படலாம். திருமணப் பேச்சின்போது பழைய நோயை மறைக்கும் நம் வழக்கம், மருத்துவமனைக் கோப்பையும் மறைத்துவிடுகிறது. பல வீடுகளில் அதைக் கிழித்தே போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். அதில் டாக்சோரூபிசின் அல்லது டானோரூபிசின் மொத்தம் எவ்வளவு ஏறியது, மார்பில் கதிர்வீச்சுக் கொடுக்கப்பட்டதா என்ற இரண்டும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லையேல், சிகிச்சை தந்த மருத்துவமனையில் கேட்டு எழுதி வாங்கி, பேறுகால மருத்துவரிடம் முதல் நாளிலேயே காட்டுங்கள்.